குமரகுருபரரின் ஐந்தாண்டு மௌனம்

ஸ்ரீகுமரகுருபர சுவாமிகளின் வரலாறு சைவ நன்மக்களுக்குப் புதியதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் திருமகனாராய் அவர் தோன்றினார். ஐந்து வயது வரையில் வாய் பேசாதிருந்தார். பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று, செந்திலாண்டவன் சந்நிதியில் நோன்பிருந்து வேண்டினர். முருகப்பெருமான் திருவருளால் பிள்ளையின் நாத் திறந்தது. கந்தர் கலிவெண்பா பிறந்தது. கந்தர் சஷ்டி விழாக்களில் ஆண்டுதோறும் இவ்வரலாற்றைக் கேட்டு நாம் மெய்சிலிர்க்கிறோம். வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பாதயாத்திரையாகச் செந்தூர் செல்லும் அடியார்களுள் இதனை அறியாதார் இலர்.

அறிந்த வரலாறு இல்லங்களில் எவ்வாறு எடுத்தாளப்படுகிறது என்பதைச் சற்று நோக்க வேண்டும். இரண்டு வயது நிரம்பிய பிள்ளை ‘அம்மா’ என்று கூட அழைக்கவில்லை. தாய்க்கு உறக்கமில்லை. யாரிடமாவது காட்டலாமா என்று அவள் கேட்டால், வீட்டுப் பெரியவர், “குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார்! இவன் அப்பனுக்கும் மூன்று வயதில்தான் வாய் வந்தது. எல்லாம் தானாகப் பேசுவான்” என்று சொல்லி அவளை அமர்த்திவிடுகிறார். ஆறுதல் சொல்வது நன்றே. ஆனால் சுவாமிகளின் வரலாறு ‘காத்திரு’ என்று சொல்கிறதா? நாம் படித்த அளவில், அது அதற்கு நேர் மாறானதையே சொல்கிறது.

சுவாமிகள் வாழ்ந்தது பதினேழாம் நூற்றாண்டு. மதுரையில் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவர் முன்னிலையிலேயே மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியது என்பது வழிவழிச் செய்தி. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செந்தூருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இன்று பேருந்தில் ஒரு மணி நேர வழி. அன்று கைக்குழந்தையோடு செல்வது சிறு செயலன்று. பிள்ளைக்கு ஏதோ குறை என்று கண்ட கவிராயரும் அம்மையாரும், தாமாகச் சரியாகும் என்று திண்ணையில் அமர்ந்திருக்கவில்லை. புறப்பட்டார்கள். தம் காலத்தில் தமக்குத் தெரிந்த பெருந்துணை எதுவோ, அதன் வாயிலில் போய்க் கிடந்தார்கள். அவ்வரலாற்றில் முதலில் நம் கண்ணில் படவேண்டியது அப்பெற்றோரின் பதைப்பு.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. ஐந்து ஆண்டு அப்பிள்ளை பேசவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது. தந்தையார் கவிராயர். காலையும் மாலையும் செய்யுளும் பதிகமும் ஒலித்த இல்லம் அது என்று கொள்வதில் தவறில்லை. வாய் திறந்தவுடன் வெளிப்பட்ட கலிவெண்பாவோ சைவ சித்தாந்த நுட்பங்களையும் கந்தபுராணச் செய்திகளையும் ஒருங்கே அடக்கியது. திருவருளுக்கு வரம்பு கட்டுவது நம் கருத்தன்று. அருள் நாவைத் திறந்தது. அந்நாவில் வந்த தமிழ் செவி வழியே உள்ளே சென்றிருந்த தமிழ் என்று கொள்வதால் அருளுக்குக் குறைவொன்றும் இல்லை.

தில்லையில் மாணிக்கவாசகர் பேச வைத்த ஈழத்து மன்னன் மகளின் வரலாறும் இவ்வகையதே. கடவுள் மாமுனிவர் அருளிய திருவாதவூரர் புராணத்தில் இது விரிவாக வரும். பிறவியிலேயே ஊமையான மகளை மன்னன் கடல் கடந்து அழைத்து வந்தான். (அரசனாயினும் அவனும் ஒரு தகப்பன்தான் என்பதை வாதப்போர்ப் பகுதியைச் சொல்லும் ஆரவாரத்தில் நாம் மறந்துவிடுகிறோம்.) புத்த சமயத்தார் எழுப்பிய வினாக்களை வாதவூரடிகள் வினவ, அப்பெண் விடை கூறினாள், அதுவே திருச்சாழலாக அமைந்தது என்பர். வினாவைக் கேட்டு விடை சொன்னாள் என்பதை உற்று நோக்குக. நம் முன்னோர் போற்றிய இவ்விரு வரலாறுகளிலும் வாய் மூடியிருந்தது, செவி திறந்திருந்தது.

செவியே மூடியிருந்தால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு விடை நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது, கொடுமையான விடை. சுவாமிகள் காசிக்குச் சென்று மொகலாய அரச குலத்தவரைச் சந்தித்தார் என்றும், அவரோடு அளவளாவ இந்துஸ்தானி மொழி வேண்டிக் கலைமகள் மீது சகலகலாவல்லி மாலை பாடினார் என்றும் சொல்வர். சந்தித்தவர் தாரா ஷுகோ என்பார் உளர். அந்தத் தாராவின் கொள்ளுப்பாட்டனார் அக்பர். மனிதனுக்கு மொழி பிறவியிலேயே உள்ளதா, கேட்டு வருவதா என்ற வாதம் அக்பரின் அவையில் எழுந்தது. கேட்டே வருகிறது என்பது அரசரின் கருத்து. அதனை மெய்ப்பிக்க, 1580ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிறந்த குழந்தைகள் சிலரைத் தாயாரிடமிருந்து பிரித்து ஊருக்கு அப்பால் ஒரு மாளிகையில் வைத்தார்கள். வளர்க்கும் செவிலியர் ஒரு சொல்லும் பேசலாகாது என்பது ஆணை. மக்கள் அதனை ‘கூங்கா மஹல்’, அதாவது ஊமை மாளிகை என்று அழைத்தனர். அபுல் பசலும் பதாவுனியும் இதனை எழுதி வைத்திருக்கிறார்கள். 1582இல் அரசர் நேரில் சென்று பார்த்தபோது அக்குழந்தைகளிடமிருந்து ஊமைகளின் ஒலியன்றி ஒரு சொல்லும் எழவில்லை. சில குழந்தைகள் இறந்தே போயின என்பது பதாவுனியின் குறிப்பு. தாயின் பேச்சைக் கேளாத குழந்தை எந்த மொழியையும் தானாகப் பேசாது என்று உலகுக்குக் காட்ட அத்தனை பச்சிளங் குழந்தைகளின் வாழ்வு பலியிடப்பட்டது. தெரிந்துகொண்ட உண்மை பெரிது. தெரிந்துகொண்ட முறையை எந்த நீதியும் ஏற்காது.

ஆதலின் பேசாத குழந்தையைப் பற்றிய முதற் கேள்வி நாவைப் பற்றியதன்று. இவனுக்குக் காது கேட்கிறதா?

இக்கேள்விக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்தில் உடனே ஒரு விடை வரும்: “பட்டாசு வெடித்தால் தூக்கி வாரிப் போடுகிறதே! காது நன்றாகத்தான் கேட்கிறது.” வெடியோடு வாழும் ஊரில் இவ்விடை தோன்றுவது இயல்பே. ஆயினும் இது பெரும் ஏமாற்று. பட்டாசின் ஓசைக்கு 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. பக்கத்தில் இருந்து நாம் பேசும் பேச்சு 60 டெசிபல் அளவினதே. பேச்சைக் கேளாத காதும் வெடியைக் கேட்கக் கூடும். அறவே கேளாத குழந்தையும் தரையின் அதிர்வையும் காற்றின் வீச்சையும் உடம்பால் உணர்ந்து திடுக்கிடும். தாம்பாளத்தைக் கீழே போட்டுப் பார்ப்பதும், முகத்துக்கு எதிரே கை தட்டிப் பார்ப்பதும் இத்தகையனவே. குழந்தை கையைக் கண்ணால் கண்டு திரும்பும். மேலும், சிலருக்குத் தடித்த ஓசை கேட்கும், ‘ச’ போன்ற மெல்லிய, கூரிய ஓசைகள் மட்டும் கேளா. அப்பிள்ளை அழைத்தால் திரும்பும், ஆனால் சொல் தெளியாது. ‘கேட்கிறான், ஆனால் அடம் பிடிக்கிறான்’ என்று பெயர் வாங்கி அடியும் வாங்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ங்கா’ என்று குரல் எழுப்பும், சிரிக்கும், தானே ஒலித்து விளையாடும். அதைக் கண்டு பெற்றோர் மனம் நிறைவர். தன் குரல் தன் காதில் விழாமையால் அவ்வொலி பிறகு வளராமல் குறையத் தொடங்கும். அக்குறைவைக் கவனிப்பது அரிது.

பிள்ளை பேசாமைக்குத் தாயைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட இயலாது. கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாள், வசம்பு தேய்த்து நாக்கை வழிக்கவில்லை, வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனியாது விட்டாள் என்று பழி அடுக்கப்படும். இவற்றுள் எதுவும் பிறவிச் செவிக்குறைக்குக் காரணம் ஆகாது. வசம்பு நாவில் தடவுவதால் சொல் வாராது. பிறந்து 6 மாதம் வரையில் தாய்ப்பால் அன்றி வேறெதுவும் குழந்தையின் வாயில் வைக்க வேண்டா என்பதே மருத்துவர் சொல்வது. நாவின் அடியிலுள்ள கட்டு பால் குடிப்பதை இடையூறு செய்யலாம், சில எழுத்துகளின் உச்சரிப்பைத் தடுக்கலாம். ஒரு சொல்லும் பேசாதிருப்பதற்கு அது காரணமாவது அரிது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுவதால் பிள்ளை குழம்பிப் பேசவில்லை என்பாரும் இக்கரிசல் நாட்டில் பலர். இரு மொழி கேட்டு வளரும் குழந்தைக்கு அதனால் ஊமைத்தன்மை வருவதில்லை. இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு ஒத்தே வரும். அவ்வாறிருக்கத் தாய்மொழியை நிறுத்தச் சொல்வது எவ்வளவு அறியாமை!

உண்மைக் காரணங்கள் வேறு. கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா என்னும் அம்மை, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் கடுமையாக வரும் மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியன செவியைக் கெடுக்கும். பரம்பரையும் ஒன்று. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில், இருவரும் ஒரே குறையை மறைவாகத் தாங்கியிருந்தால் அது பிள்ளையிடம் வெளிப்பட்டு விடுகிறது. நெருங்கிய உறவு மணத்தில் பிறவிச் செவிக்குறை கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். அதற்குத் தாய் மட்டும் எவ்வாறு பொறுப்பாவாள்?

குழந்தையை மாதக் கணக்கில் உற்று நோக்குவது நமக்கு அயலாரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய கலையன்று. வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றின் கரையிலுள்ள விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, சங்கு வளையலும் சூதுபவள மணியும் கிடைத்ததோடு, சுடுமண்ணாலான விளையாட்டுப் பொருள்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. அக்காலத் தாய் தந்தையரும் பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று பார்த்திருந்தவர்களே. பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை இப்பார்வையினின்றே எழுந்தது. ஐந்தாம் திங்களை ஒட்டித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, நாவசைத்துத் தாலாட்டும் தால், ஒன்பதாம் திங்களை ஒட்டிக் கை கொட்டும் சப்பாணி, பின்னர் முத்தம், ஆண்டு நிறைவை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வருகை, அதன் பின் நிலவை அழைக்கும் அம்புலி. ‘தால்’ என்பதற்கு நாவென்பதே பொருள். பத்துப் பருவத்தையும் பக்திச் சுவைக்காகப் படிக்கிறோம். ஒரு குழந்தையின் வளர்ச்சிக் குறிப்பாகவும் அதனைப் படிக்கலாம்.

இன்றைய மருத்துவரும் இவ்வாறே திங்கள் குறிக்கின்றனர். ஆறாம் மாதத்தில் குழந்தை ஓசை வந்த பக்கம் திரும்ப வேண்டும். ஓராண்டை ஒட்டி முதற்சொல் வரும். பெயர் சொல்லி அழைத்தால் நிமிர்ந்து பார்க்கும். வேண்டியதை விரலால் சுட்டும். ஒன்றரை ஆண்டில் சில சொற்களேனும் வரவேண்டும். இரண்டு ஆண்டில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரு சொல் இணைய வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தாலோ, கண் பார்த்துச் சிரியாமல் ஒதுங்கினாலோ, எந்த வயதிலும் உடனே காட்டுதல் வேண்டும்.

தாமதமாகப் பேசும் குழந்தைகள் அனைவரும் குறையுடையவர் அல்லர். அறிஞர் ஐன்ஸ்டீன் தாமதமாகப் பேசத் தொடங்கியதால் தம் பெற்றோர் கவலையுற்று மருத்துவரைக் கலந்தனர் என்று அவரே பின்னாளில் எழுதினார். அவர் உலகம் போற்றும் மேதையானார் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். பெற்றோர் மருத்துவரிடம் சென்றார்கள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை! இரண்டு வயதில் சொல் குறைந்திருந்து, காது நன்கு கேட்டு, சொன்னதைப் புரிந்து செய்து, சைகையால் உறவாடும் குழந்தைகளுள் பலர் பிறகு மற்றவரோடு சமமாகி விடுகின்றனர். ஆனால் எப்பிள்ளை அவ்வாறு தேறும், எப்பிள்ளை தேறாது என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் இயலாது. சோதித்துப் பார்த்துக் குறையில்லை என்று அறிந்தபின் காத்திருப்பது வேறு. அறியாமல் காத்திருப்பது வேறு.

காது கேளாதவருக்குக் கல்வியே இல்லை என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அக்பர் ஊமை மாளிகை கட்டிய அதே காலத்தில், ஸ்பெயின் நாட்டில் பெத்ரோ போன்சே என்ற துறவியார் (இவர் 1584இல் மறைந்தார்) செவிப்புலன் இல்லாத பிரபுக்களின் மக்களுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்துக் காட்டினார். இருவர் எடுத்துக்கொண்டதும் ஒரே பொருள். வழி எத்தனை வேறு! தென்பாண்டி நாட்டில் பாளையங்கோட்டையில் பிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சமயம் வேறாயினும் அச்செயலைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, பள்ளி வயதுக்கு முன்பே, தாயையும் உடன் அமர்த்தி, காதுக் கருவியின் துணையால் சிறு குழந்தைகளைப் பேசப் பழக்கும் முறையைக் கொண்டது. கையால் பேசும் சைகை மொழியும் முழுமையான மொழியே. அதற்கென நடுவணரசு 2015இல் தில்லியில் ஓர் ஆய்வு நிறுவனம் அமைத்தது. குழந்தைக்கு ஏதேனும் ஒரு மொழி உரிய காலத்தில் சேரவேண்டும். ஒன்றும் சேராமல் ஐந்தாறு ஆண்டு கழிவதே பேரிழப்பு, ஏனெனில் மூளை மொழியை எளிதாகப் பற்றிக்கொள்ளும் பருவம் அதுவே.

இதனாலேயே மருத்துவர் ஒரு கணக்குச் சொல்வர்: பிறந்த 1 மாதத்துக்குள் செவிச் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உலக அளவில் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 வரை செவிக்குறையோடு பிறக்கின்றன. கருவி போதாத குழந்தைகளுக்கு உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழி 6 வயதுக்கு உட்பட்டவர்க்குச் செலவின்றிச் செய்யப்படுகிறது. அவ்வயது கடந்தபின் வந்து கதறும் பெற்றோரை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. கருவி பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடாது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. புதிதாகப் பிறந்த செவிக்கு மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் சொல்லூட்ட வேண்டும்.

காது நன்றாயிருந்து பேச்சு மட்டும் பிந்தும் குழந்தைக்கும் சொல்லூட்டுவதே மருந்து. விடியலில் ஆலை வண்டி ஏறி மாலையில் திரும்பும் தாய் தந்தையருக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். தனி நேரம் வேண்டுவதில்லை. குளிப்பாட்டும்போது ‘இது தண்ணீர், இது கை’ என்றும், சோறூட்டும்போது ‘பருப்பு, நெய்’ என்றும் முகம் பார்த்துச் சொல்லிக்கொண்டே செய்யலாம். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, கை வீசும் பாட்டும் சாய்ந்தாடும் பாட்டும் பாடினால், அதைவிடச் சிறந்த பயிற்சி பட்டணத்திலும் கிடையாது. கைப்பேசியைக் கையில் கொடுத்து அழுகையை அடக்குவது அவ்வாறன்று. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை கூடவே கூடாது, இரண்டு வயதில் ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. திரை பேசும், குழந்தை சொல்வதைக் கேட்டு மறுமொழி சொல்லாது.

செந்தூரில் வேண்டிக்கொள்வதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. கவிராயர் காலத்தில் செந்தூர் ஒன்றே வாயிலாக இருந்தது. இன்று அவ்வருளே வேறு வாயில்களையும் திறந்து வைத்திருக்கிறது. 2013 முதல் நடைபெறும் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறை வருகின்றனர். செவிக்குறையும் பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உள்ளன. ஐயமிருந்தால் மாவட்ட மருத்துவமனையின் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்களே எழுதிக் கொடுப்பர். அவர்கள் வரும் நாளை அங்கன்வாடி ஆசிரியையிடம் கேட்டு வைத்துக்கொண்டு, தாயோ தந்தையோ அன்று ஒருவர் வேலைக்குப் போகாமல் உடனிருக்க வேண்டும். பிள்ளை வீட்டில் என்ன செய்கிறது என்பதை ஆச்சியைக் காட்டிலும் அவர்கள் தெளிவாகச் சொல்லக் கூடும். காதில் சிறு குழாய் வைத்து உட்செவியின் எதிரொலியை அளக்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை உறங்கும்போது செய்வதே எளிது. ஆதலின் பாலூட்டி உறங்க வைத்து எடுத்துச் செல்வது நலம்.